பிரெஞ்சுக்குத் தமிழ்வழி வேண்டும்

காலையில் கண் விழித்தது முதல் இரவு கண்ணயரும் வரை நாம் மிகுதியாகச் சொல்லும் சொல் எது என்று யாரேனும் கேட்டால், ‘வேண்டும்’ என்ற சொல்தான் என்று தயங்காமல் சொல்வேன். பேருந்தைப் பிடிக்க வேண்டும், தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும், வருகைப் பதிவு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மதிப்பெண் வேண்டும், அதன்பின் வேலை வேண்டும். இந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மாணவர் வாழ்க்கையில் மிஞ்சுவது சிற்றுண்டிச் சாலை மட்டுமே. அங்கே போனாலும் தேநீர் வேண்டும்!

இவ்வளவு பழகிய சொல்லைப் பிரெஞ்சு மொழியில் சொல்லத்தான் நான் இரண்டு ஆண்டுகள் தடுமாறினேன். தடுமாற்றத்துக்குக் காரணம் பிரெஞ்சு மொழி அன்று. எனக்குக் கற்பித்த ஆசிரியர்களும் அல்லர். அம்மொழிக்கு நான் போய்ச் சேர்ந்த வழியே காரணம். ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சைக் கற்பிக்கும் பழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும், தமிழ் வழியாகக் கற்பித்தால் பாதித் தொல்லை தீரும் என்பது அடியேன் கருத்து. பொதுப்படப் பேசினால் மேடைப்பேச்சாகிவிடும். ஆகவே ‘வேண்டும்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன் நான். இக்கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தபோது பகுதி ஒன்றில் பிரெஞ்சை எடுத்தேன். “ஆங்கிலமே உனக்குத் தகராறு, இதில் பிரெஞ்சு வேறா?” என்று விடுதி நண்பர்கள் கேட்டார்கள். கேலியாகக் கேட்டாலும் அந்தக் கேள்வியில் ஓர் உண்மை இருந்தது. எங்கள் வகுப்பில் கரும்பலகையின் இடப்பக்கம் பிரெஞ்சு, வலப்பக்கம் ஆங்கிலம். வினாத்தாளிலும் ‘ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க’ என்றே வரும். ஆங்கிலவழியில் படித்து வந்தவர்கள் ஓர் ஆற்றைக் கடந்தால் போதும். எனக்கு இரண்டு ஆறுகள். என்னோடு சேர்ந்த தமிழ்வழி மாணவர் ஐவரில் மூவர் முதல் மாதத்திலேயே முதல் ஆற்றோடு கரை திரும்பி, வேறு வகுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் அறிவில் என்னைவிடக் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுள் ஒருவன் கணக்கில் புலி.

பிரெஞ்சில் கட்டாயத்தையும் தேவையையும் சொல்ல முதலில் கற்றுக்கொடுக்கும் தொடர் ‘இல் ஃபோ’. (பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழத்தான் காட்ட முடியும், அறிந்தவர்கள் பொறுத்தருள்க.) எங்கள் குறிப்பேட்டில் இதற்கு எதிரே ‘இட் ஈஸ் நெசசரி’ என்று எழுதினோம், மனப்பாடம் செய்தோம், இரண்டு மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்தப் பொருள் என்னை எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தோம். அவ்வூரில் பழைய சிவன் கோயில் ஒன்று உண்டு. ஒரு நாள் நண்பகலுக்குச் சற்று முன்பு, புதுச்சேரியிலிருந்து வாடகைக் காரில் பிரான்சு நாட்டு முதிய தம்பதியர் அக்கோயிலைப் பார்க்க வந்தனர். ஓட்டுநருக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலம் அரைகுறை. “நம்ம பையன் பிரெஞ்சு படிக்கிறான்” என்று முகாம் அலுவலர் என்னை முன்னே தள்ளினார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் இன்றும் நினைவிருக்கிறது. ஆயினும் பெருமையாகவும் இருந்தது.

கோபுரத்துக்கு வெளியே, வெயிலில் காய்ந்த கல் பாவிய வெளி. அதைத் தாண்டித்தான் கோபுர வாயில். அம்மையார் அந்த வெளியின் ஓரத்திலேயே ஒரு படியில் அமர்ந்து காலணியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். “இல் ஃபோ ஆன்ல்வே லே ஷோஸ்யூர்?” என்று கேட்டார். ‘காலணியைக் கழற்ற வேண்டுமா?’ என்பது கேள்வி. இங்கேயே கழற்றத் தேவையில்லை, கல் சுடும், வாயிலில் கழற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல நினைத்தேன். ‘இட் ஈஸ் நெசசரி’ என்பதற்கு ‘இல் ஃபோ’ என்றால், ‘இட் ஈஸ் நாட் நெசசரி’ என்பதற்கு ‘இல் நெ ஃபோ பா’ என்றுதானே வர வேண்டும்? “நோன், நோன், இல் நெ ஃபோ பா!” என்றேன், கையையும் ஆட்டி.

அம்மையார் திடுக்கிட்டு அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டார். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. அருச்சனைத் தட்டு வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், இருவரும் காலணியோடு கோபுரத்தைக் கடந்து கொடிமரத்தருகில் நிற்கிறார்கள். காவலாளி கத்திக்கொண்டே ஓடுகிறார். பூக்கடை ஆச்சி என்னைப் பார்த்து, “படிச்ச புள்ள கூட்டிக்கிட்டு வந்து இப்படிச் செய்யலாமா?” என்று கேட்டார். அம்மையார் முகம் சிவந்துவிட்டது. குனிந்து கயிற்றை அவிழ்க்கும்போது அவர் விரல்கள் நடுங்கின. நிமிர்ந்து என்னைப் பார்த்து, “மே வூ மவே தி கில் நெ ஃபலே பா!” என்றார். ‘கழற்றக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்!’ என்று பொருள்.

ஆம், நண்பர்களே! ‘இல் நெ ஃபோ பா’ என்றால் ‘தேவையில்லை’ என்று பொருள் அன்று. ‘கூடாது’ என்று பொருள். நான் அவரிடம், ‘கழற்றாதீர்கள், கழற்றவே கூடாது’ என்று கையாட்டித் தடுத்திருக்கிறேன். அவரும் ஊர் வழக்கம் அதுபோலும் என்று பணிந்து நடந்திருக்கிறார்.

எதிர்மறைச் சொல் பிரெஞ்சில் ‘ஃபோ’ என்ற வினையைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆனால் அதன் பொருள் அடுத்த வினைக்குத் தாவிவிடுகிறது. ‘கழற்றுவது தேவையில்லை’ என்று பிரியாமல், ‘கழற்றாமல் இருப்பது தேவை’ என்று பிரிகிறது. ‘இட் ஈஸ் நெசசரி’ என்று எழுதிப் படித்தவன் இதை ஒருநாளும் ஊகிக்க முடியாது; அந்த ஆங்கிலத் தொடருக்கு ‘நாட்’ சேர்த்தால் நேர்மாறான பொருள்தான் வரும். தேவையில்லை என்று சொல்லப் பிரெஞ்சுக்காரர்கள் வேறு தொடர்களை வைத்திருக்கிறார்கள். ‘செ நே பா லா பென்’ என்பார்கள். அந்தச் சிரமம் வேண்டாம் என்பதுபோல. ‘வூ நெத் பா ஒப்ளிஜே’ என்பார்கள். உங்களுக்குக் கட்டாயம் ஒன்றும் இல்லை என்பது அது. பேச்சில் ‘பா பெஸ்வென்’ என்றாலே போதும்.

தமிழில் இந்த இரண்டும் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன! ‘கழற்றக் கூடாது’ வேறு. ‘கழற்றத் தேவையில்லை’ வேறு. ஐந்து வயதுப் பிள்ளைகூட இரண்டையும் குழப்பாது. ‘இல் ஃபோ என்றால் வேண்டும், இல் நெ ஃபோ பா என்றால் கூடாது’ என்று யாராவது ஒருவர் எனக்குத் தமிழில் ஒரே ஒரு வரி சொல்லிக் கொடுத்திருந்தால், அந்த அம்மையாரின் விரல்கள் அன்று நடுங்கியிரா.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவேன். ‘தமிழில் வேண்டாம் என்று ஒரு சொல் உண்டே, அது இரண்டு பக்கமும் சாயுமே’ என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்வி. ‘அங்கே போக வேண்டாம்’ என்றால் தடை. ‘நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்’ என்றால் தேவையில்லை என்ற உபசாரம். ஆகவே ‘இல் நெ ஃபோ பா’ என்பதற்கு ‘வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டால் மறுபடியும் கோயில் வாசலில் மாட்டிக்கொள்வோம். ‘கூடாது’ என்றுதான் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம்மிடம் மூன்று சொற்கள் இருப்பதால், இந்த மூன்றில் எது என்ற கேள்வியாவது தமிழ் மாணவனுக்கு எழும். கேள்வி எழுந்தவன் ஆசிரியரைக் கேட்பான். எனக்கு எழவே இல்லை. எழ விடாமல் ஓர் ஆங்கிலத் தொடர் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றது.

அடுத்து ‘இல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இது வேறிடங்களில் ‘அவன்’ என்றோ ‘அது’ என்றோ பொருள் தரும். ‘இல் ஃபோ பார்த்திர்’ என்பதை என் வகுப்புத் தோழன் ஒருவன் தேர்வில் ‘அவன் புறப்பட வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, மதிப்பெண் இல்லை என்றதும், “அப்படியானால் யார் புறப்பட வேண்டும்?” என்று சண்டைக்கு வந்தான். யாரும் இல்லை! அல்லது யார் வேண்டுமானாலும்! தமிழில் ‘புறப்பட வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். நானா, நீயா, நாமா? இடம் நோக்கி அறிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் ‘மஸ்ட்’ என்று தொடங்கினால் அதன் முன்னே ஓர் ஆளை நிறுத்தியாக வேண்டும். பிரெஞ்சுக்கும் நமக்கும் அந்த நெருக்கடி இல்லை.

‘வேண்டும்’ என்பது ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாக நிற்கும் சொல் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நான் வர வேண்டும், நீ வர வேண்டும், அவர்கள் வர வேண்டும். சொல்லின் உருவம் மாறுவதே இல்லை. பிரெஞ்சில் ‘ஃபல்வார்’ என்ற வினையும் அப்படித்தான். மற்ற வினைகளுக்கெல்லாம் நான், நீ, அவன், நாம் என்று ஆறு உருவங்களை உருப்போட்டுக் களைத்தவர்களுக்கு இது ஓர் ஆறுதல். இதற்கு ஆள் மாற்றம் இல்லை; காலம் மட்டுமே மாறும். இல் ஃபோ, இல் ஃபலே, இல் ஃபோத்ரா, இல் ஃபோத்ரே என்று போகும். இன்னும் ஒரு வியப்பு. நாம் பேச்சில் ‘போக வேண்டும்’ என்பதைப் ‘போகணும்’ என்று தேய்த்துவிடுகிறோம் அல்லவா? அவர்களும் பேச்சில் ‘இல்’லை விழுங்கிவிட்டு வெறும் ‘ஃபோ’ என்கிறார்கள். அடிக்கடி கையாளும் சொல் எல்லா நாட்டிலும் தேயும் போலும்.

ஆளைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. பொருளைக் கேட்கும்போது ‘இல் மெ ஃபோ’ என்று தொடங்கலாம். ‘மெ’ என்பது ‘எனக்கு’. எனக்கு ஒரு பேனா வேண்டும், எனக்கு இரண்டு நாள் வேண்டும். அப்படியே நம் நான்காம் வேற்றுமை! இதை ‘ஐ நீட்’ என்று ஆங்கிலத்தில் எழுதிப் படித்தபோது, ‘ஐ’ எப்படி ‘மெ’ ஆயிற்று என்று வகுப்பே விழித்தது. ‘எனக்கு’ என்று யாராவது முணுமுணுத்திருந்தால் விழித்திருக்க மாட்டோம்.

தமிழ்வழி என்றால் மற்ற தாய்மொழிக்காரர் என்ன செய்வார்கள் என்று கேட்பதுண்டு. எங்கள் வகுப்பில் உருது பேசும் வீட்டிலிருந்து ஒரு தோழி வருகிறார். தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து ஒரு நண்பர் வருகிறார். இருவரையும் கேட்டேன். உருதில் ‘முஜே சாஹியே’ என்றார் தோழி. ‘முஜே’ என்பதும் ‘எனக்கு’தான். தெலுங்கில் ‘நாகு காவாலி’ என்றார் நண்பர். ‘நாகு’ என்பதும் ‘எனக்கு’தான். ஆக அந்த வகுப்பறையில் இருந்த வீட்டு மொழிகள் எல்லாம் பிரெஞ்சோடு ஒரு வரிசையில் நின்றன. தனியே எதிர்வரிசையில் நின்றது கரும்பலகையின் வலப்பக்கம் ஒன்றுதான். அதன் வழியாகத்தான் நாங்கள் எல்லாரும் சுற்றிக்கொண்டு போனோம்!

செயலைச் சொல்லும்போது ‘இல் ஃபோ கெ’ என்று தொடங்கி ஆளைச் சொல்ல வேண்டும். ‘இல் ஃபோ கெ ஜெ பார்த்’ என்றால் ‘நான் புறப்பட வேண்டும்’. இதன்பின் வரும் வினைக்கு ஒரு தனி உருவம் உண்டு. வழக்கமான நிகழ்கால உருவம் வராது. இந்தத் தனி உருவம் என்றதும் எல்லாருக்கும் காய்ச்சல் வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. அதனால் ‘மஸ்ட்’ வரும் இடத்திலெல்லாம் ‘ஜெ துவா’ என்று எழுதித் தப்பித்துக்கொண்டோம். தப்பு இல்லை, மதிப்பெண்ணும் வரும். ஆனால் பிரான்சில் நாள்தோறும் பேசும் பேச்சில் ‘இல் ஃபோ கெ’ கேட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தவிர்த்தவன் பேச்சு புத்தகம்போல விறைத்து நிற்கும். தமிழிலும் ‘புறப்படுகிறேன் வேண்டும்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘வேண்டும்’ தனக்கு முன்னே ‘புறப்பட’ என்ற உருவத்தைத்தான் ஏற்கும். காலம் காட்டும் வினையை ஏற்காது. அவர்கள் ‘ஃபோ’வுக்கும் அதே பிடிவாதம். இப்படி ஒரு முறை எண்ணிப் பார்த்த பிறகு எனக்குக் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. அட்டவணையை மனப்பாடம் செய்வதிலிருந்து மட்டும் தப்ப முடியவில்லை.

மேலே சொன்ன ‘ஜெ துவா’ என்பது ‘தெவ்வார்’ என்ற வேறொரு வினையின் உருவம். இதைப் பற்றிச் சற்று நின்று பேச ஆசை. பழந்தமிழில் ‘தெவ்வர்’ என்றால் பகைவர். பிரெஞ்சில் ‘லே தெவ்வார்’ என்று பன்மையில் சொன்னால் வீட்டுப்பாடம். மாணவர்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை! நகைச்சுவை இருக்கட்டும். இந்தச் சொல் இலத்தீனில் கடன்பட்டிருத்தலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இன்றும் ஒருவருக்குப் பணம் தர வேண்டியிருந்தால் இதே வினைதான். கடமை என்பதற்கும் இதே சொல்தான். ஒரே சொல் கடனாகவும் கடமையாகவும் எப்படி இருக்க முடியும் என்று வகுப்பில் ஒருவர் ஐயம் எழுப்பினார். ஆங்கிலத்தில் ஒன்றுக்கு ‘டெட்’, மற்றொன்றுக்கு ‘டியூட்டி’. அவை இரண்டும் அதே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவைதாம் எனினும் இன்று பார்ப்பவருக்கு உறவு தெரிவதில்லை. தமிழில் உறவு மறையவே இல்லை. வங்கியில் வாங்குவதும் கடன். காலையில் முடிப்பது காலைக்கடன். தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது நேர்த்திக்கடன். ‘கடமை’ என்ற சொல்லின் வயிற்றிலும் கடன் இருக்கிறது. தெவ்வார் என்றால் கடன் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். அடகுக்கடை வாசலில் நின்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேறு உரை தேவையில்லை.

இவ்விரு சொற்களின் பிறப்பும் வேறு. ‘தெவ்வார்’ கடனிலிருந்து வந்தது. ‘ஃபல்வார்’ குறைபடுதல், தவறுதல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘இல் மெ ஃபோ’ என்பது ஆதியில் ‘எனக்குக் குறைகிறது’. நம்முடைய ‘வேண்டும்’ விரும்புதலிலிருந்தும் வேண்டுதலிலிருந்தும் வந்தது. அவர்கள் குறையிலிருந்து தொடங்கினார்கள். நாம் ஆசையிலிருந்து தொடங்கினோம். வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

ஊகத்தைச் சொல்வதிலும் இந்த ஒற்றுமையைக் காணலாம். ஒருவர் இரண்டு நாளாக வகுப்புக்கு வரவில்லை. ‘உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும்’ என்கிறோம். யாரும் அவரைக் காய்ச்சலில் படுக்கும்படி கட்டளையிடவில்லை, ஊகிக்கிறோம், அவ்வளவுதான். பிரெஞ்சிலும் இவ்விடத்தில் ‘இல் துவா’ என்றே தொடங்குவார்கள். ஆனால் இறந்தகாலத்தில் சிக்கல் உண்டு. ‘இல் ஆ த்யூ பார்த்திர்’ என்றால் ‘அவர் போக வேண்டியதாயிற்று’ என்றும் பொருள். ‘அவர் போயிருக்க வேண்டும்’ என்ற ஊகமும் அதுவே. நாம் இரண்டையும் வேறாகச் சொல்கிறோம். அதற்குப் பதிலாக நாம் வேறோர் இடத்தில் குழப்புகிறோம். ‘அவன் அன்றே போயிருக்க வேண்டும்’ என்றால், போயிருப்பான் என்ற ஊகமா, போகாமல் விட்டானே என்ற குறையா? தமிழில் குரலைக் கேட்டால்தான் தெரியும். பிரெஞ்சில் குறை சொல்வதற்கு ‘இல் ஒரே த்யூ’ என்று தனி உருவம் இருக்கிறது. தேர்வில் இது ஒரு வினாவாக வந்தால் பத்துக்கு எட்டுப் பேர் தவறு செய்வோம். ஆயினும் எந்த இடத்தில் வழுக்கும் என்று தெரிந்து வழுக்குவது மேல்.

‘அவ்வார் ஆ’ என்ற தொடரும் உண்டு; ‘எனக்கு எழுத வேண்டியிருக்கிறது’ என்பதுபோல. அதை இங்கே விரிக்கவில்லை. ஆனால் அதன் ஒரு வகை எனக்கு மிகவும் பிடிக்கும். ‘த்யூ நா கா தெமாந்தே’ என்று சொல்வார்கள். ‘நீ கேட்டால் போதும்’ என்பது பொருள். இதற்கு ஆங்கிலத்தில் எழுதித் தந்த விளக்கம் ஒரு வரி நீளம். நமக்கோ ‘போதும்’ என்ற ஒரு சொல்லே போதும்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ‘வேண்டும்’ என்பதற்கு விருப்பம் என்ற பொருளும் இருப்பதால் ஓர் ஆபத்து உண்டு. ‘எனக்கு ஒரு காப்பி வேண்டும்’ என்பதில் ஆசையும் தேவையும் கலந்திருக்கின்றன. பிரெஞ்சில் ஆசைக்கு வேறு வினை. அதையும் பணிவான உருவத்தில் சொல்ல வேண்டும். வாழ்த்துவதிலும் அப்படித்தான். ‘நீ நூறாண்டு வாழ வேண்டும்’ என்பதை ‘இல் ஃபோ’ என்று பெயர்த்தால், வாழ்த்து போய்ச் சட்டமாகிவிடும். நூறாண்டு வாழாவிட்டால் அபராதம் என்பதுபோல! இவற்றையும் தமிழிலேயே எச்சரிக்கையாகச் சொல்லித் தரலாம். ஆங்கிலத்தில் எச்சரித்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்றே எங்களுக்குப் புரிவதில்லை; ஏனென்றால் ஆபத்து இருப்பது தமிழில்.

எங்கள் துறையில் இதைப் பேசியபோது இன்னொரு விடை கிடைத்தது. இக்காலப் பாடநூல்கள் பிரான்சில் அச்சானவை. அவற்றில் ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. படத்தையும் உரையாடலையும் கொண்டு பிரெஞ்சைப் பிரெஞ்சாலேயே கற்பிக்க வேண்டும் என்பது அவற்றின் முறை. ஆகவே ஆங்கிலமா தமிழா என்ற கேள்வியே பழையது என்றார்கள். நூல் அப்படித்தான் இருக்கிறது. மாணவன் தலை அப்படி இல்லையே! படத்தைப் பார்த்தவுடன் அவன் மனத்துக்குள் ஒரு மொழியில் பொருள் எழுதிக்கொள்கிறான். ஆசிரியர் எழுதித் தராவிட்டால் கைப்பேசியில் தேடி எழுதிக்கொள்கிறான். அங்கும் முதலில் வந்து நிற்பது ‘இட் ஈஸ் நெசசரி’தான்.

இது புதுமையான கோரிக்கையும் அன்று. துய்ப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) பிரெஞ்சுக்காரருக்கும் தமிழருக்கும் நடுவே நின்று வாணிகமும் அரசியலும் நடத்தினார். 1736 முதல் தமிழில் நாட்குறிப்பும் எழுதினார். அங்கே ஆங்கிலம் பாலமாக இருந்ததில்லை. அது எதிரணியின் மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாதிரிமார் தமிழ்–பிரெஞ்சு அகராதியை அச்சிட்டபோதும் தமிழ்ச் சொல்லுக்கு நேரே பிரெஞ்சில்தான் விளக்கம். இரு மொழிகளும் நேருக்கு நேர் பேசிப் பழகிய மண் நம்முடையது. அதே மண்ணில் இருந்துகொண்டு நாம் இலண்டன் வழியாகப் பாரிசுக்குப் போகிறோம்.

ஆங்கிலத்தை வகுப்பைவிட்டுத் துரத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது இரண்டே. கரும்பலகையில் இப்போது இருக்கும் இரண்டு பத்திகளோடு மூன்றாவதாகத் தமிழுக்கு ஒரு பத்தி. வினாத்தாளில் ‘ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க’ என்பதோடு ‘அல்லது தமிழில்’ என்று இரண்டு சொல். இந்த இரண்டு சொல் இருந்திருந்தால் அந்த மூவரும் இன்று எங்களோடு மூன்றாம் ஆண்டு பிரெஞ்சுத் தோழர்களாக இருந்திருப்பார்கள்.

அந்தக் கோயில் செய்தியில் ஒன்று சொல்லாமல் விட்டேன். காவலாளியைச் சமாதானப்படுத்தி, காலணிகளை வாயிலில் வைத்துவிட்டு, மூவரும் பிராகாரம் சுற்றினோம். எனக்குப் பேச நா எழவில்லை. புறப்படும்போது, செய்த பிழைக்கு ஈடாக இருக்கட்டும் என்று பூக்கடை ஆச்சியிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி அம்மையாரிடம் நீட்டினேன். அவர் இரு கையாலும் வாங்கிக்கொண்டு, “ஓ, இல் நெ ஃபலே பா!” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கூடாது என்கிறாரே, பூவையும் கொடுத்திருக்கக் கூடாதோ, இதிலும் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று முகாமுக்குத் திரும்பும் வரை மனம் புழுங்கியது. அடுத்த வாரம் பேராசிரியையிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பரிசு வாங்கும்போது பிரான்சில் எல்லாரும் சொல்லும் உபசார வார்த்தையாம் அது. பிறகு அவரே, அந்த இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக, எனக்குத் தமிழில் பொருள் சொன்னார்: “‘இதெல்லாம் எதுக்குப்பா’ன்னு அர்த்தம்.”

அன்றிரவே ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று பத்தி பிரித்து எழுதத் தொடங்கினேன். இதுவரை பதினெட்டுப் பக்கம் நிறைந்திருக்கிறது. முதலாண்டில் பிரெஞ்சு எடுத்திருக்கும் தமிழ்வழித் தம்பி தங்கையர் துறை அலமாரியில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பேராசிரியை ஆறு பக்கம் வரை திருத்தித் தந்திருக்கிறார். மீதிப் பக்கங்களில் பிழை கண்டால் பென்சிலால் குறித்துவிடுங்கள், மையால் வேண்டாம்.